அறுநூறு மாதம், ஐம்பத்தோரு வரிசை: கூறைப்புடவையில் மணித்தையல்

அப்பா அம்மாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றதும் ஆரி (சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் கொக்கி ஊசியால் போடும் பூவேலை) தெரிந்த கை முதலில் போவது ஜோடி மயிலுக்கு. அடுத்தது இதயம், நடுவில் இரண்டு இன்ஷியல். மயில் எந்தக் கல்யாணத்துக்கும் பொருந்தும். அதனாலேயே இந்தக் கல்யாணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இங்கே விளக்கும் சுவர்த்துணியில் உருவம் எதுவும் கிடையாது. ஒரு வரிசை ஒரு தமிழ் வருஷம், ஒரு ஜோடி மணி ஒரு மாதம். ஐம்பது வருஷம் அறுநூறு ஜோடி. அம்மாவின் கூறைப்புடவையில் ஒரு துண்டு முகம். அப்பாவின் பழைய வேட்டி உள்தாங்கு, அதாவது பின்னால் இருந்து தாங்கும் துணி. மணியின் பாரம் முழுவதும் வேட்டியில்தான் நிற்க வேண்டும், பட்டில் நிற்கக் கூடாது. கீழே வரும் பாதி விதிகள் இந்த ஒன்றிலிருந்து வருபவை.

முதலில் கணக்கு

ஐம்பது வருஷத்துக்கு ஐம்பது வரிசை என்று கோடு போட்டுவிட்டுக் கடைசியில் முழிப்பவர்கள் அதிகம். 1975 ஆவணியில் கல்யாணம் என்று வையுங்கள். அது ராட்சச வருஷம். அந்த வருஷத்தில் சித்திரை முதல் ஆடி வரை நான்கு மாதம் இவர்கள் தம்பதி இல்லை. ஆகவே முதல் வரிசையில் முதல் நான்கு இடம் காலி. ஐந்தாவது இடத்தில் தொடங்கிப் பங்குனி வரை 8 ஜோடி. அடுத்த 49 வருஷமும் முழு வரிசை, 588 ஜோடி. 2025 விசுவாவசுவில் சித்திரையிலிருந்து ஆடி வரை 4 ஜோடி. ஆக 600 ஜோடி, ஆனால் வரிசை 51. கல்யாணம் சித்திரையிலேயே நடந்திருந்தால் மட்டும் 50.

சனவரி முதல் டிசம்பர் வரை எண்ணும் ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே முறை சரிவரும். ஹிஜ்ரி மாதத்தில் எண்ண விரும்புகிறவர்கள் கணக்கை மாற்ற வேண்டும்: பிறை வருஷத்துக்கு 354 நாள்தான் என்பதால், நம் 50 வருஷம் அதில் 51½ வருஷமாகும். ஜோடி 618, கல்யாண மாதத்தைப் பொறுத்து வரிசை 52 அல்லது 53.

ஒரு நோட்டில் 51 வரி, 12 கட்டம் போட்டு, ஒவ்வொரு வரியிலும் தமிழ் வருஷத்தின் பெயரையும் ஆங்கில வருஷத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், டி.சி., பழைய ரேஷன் கார்டு, ஆல்பம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். சேர்த்து உட்காரவைத்தால் "அந்த வருஷம் நீங்க விசாகப்பட்டினத்துல இருந்தீங்க", "அது அடுத்த வருஷம்டி" என்றே சாயங்காலம் போய்விடும். தனியாகக் கேட்டு, இரண்டும் ஒத்துவராத இடத்தில் காகிதத்தைப் பாருங்கள்.

குறிகள் ஐந்துக்கு மேல் வேண்டாம். போதுமானவை இவை: பிள்ளை பிறந்த மாதத்துக்கு ஜோடியின் கீழே ஒரு பொடி மணி. பிழைப்புக்காகப் பிரிந்திருந்த மாதங்களுக்கு, கப்பலோ வளைகுடாவோ, இரண்டு மணிக்கும் நடுவே இடைவெளி விட்டு அதே நூலால் ஒரு தையல். உடம்பு முடியாமல் கிடந்த மாதத்துக்குப் பளபளப்பில்லாத மங்கல் மணி. வீட்டில் ஒரு பெரியவர் போன மாதத்துக்கு ஜோடிக்குமேல் வெறும் நூல் முடிச்சு. ஊருக்கே வந்த கஷ்டத்துக்கு ஒரு நீல மணி: 30-ஆம் வரிசை தாரண வருஷம், மார்கழி இடத்தில் 2004 சுனாமி, 41-ஆம் வரிசை மன்மத, கார்த்திகை இடத்தில் 2015 வெள்ளம். பெரம்பூர் பி அண்டு சி மில் குடும்பமாக இருந்தால் 22-ஆம் வரிசையும், அதாவது மில் மூடிய 1996, தாது வருஷமும் சும்மா போகாது. சண்டை போட்ட மாதத்துக்கெல்லாம் தனி மணி வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், மணி பத்தாது.

புடவை

கூறைப்புடவையை வெட்டுவதா என்று வீட்டில் ஒரு பேச்சு நடக்கும். நடக்கட்டும். ஆனால் அது பீரோவில் மடித்தபடியே இருந்தாலும் மடிப்பு மடிப்பாக இற்றுக்கொண்டுதான் இருக்கும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பழைய பட்டை ஜரிகையின் வெள்ளிக்காக எடைபோட்டு வாங்கும் கடைக்கே போகப்போகிற புடவையென்றால் பேச்சே தேவையில்லை. தருவதற்கு முன் நமக்கு வேண்டியதை வெட்டிக்கொள்ளலாம்.

வேண்டியது அகலம் 32 செ.மீ., உயரம் 64 செ.மீ. புடவையின் ஒரு பக்கக் கரை கீழே வருகிற மாதிரி எடுங்கள். கரை விளிம்பை வெட்டவே வேண்டாம், அதுவே கீழ்முனை. முந்தானை பார்க்க அழகு. ஆனால் நெருக்கமான ஜரிகைக்குள் ஊசி போனால் தட்டையான வெள்ளித் தகடு அறுந்து நூலைவிட்டுப் பிரியும். கொசுவத்துப் பகுதி கீழே தேய்ந்திருக்கும். எடுக்க நல்ல இடம், கட்டும்போது முதல் சுற்றில் உள்ளே மறையும் உடல் பகுதி. உள்முனையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தள்ளிப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் மூன்று சோதனை. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்புக் கோடுகளில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். இரண்டு கையாலும் ஐந்து செ.மீ. இடைவெளியில் பிடித்து மெல்ல இழுங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் அந்த இடம் ஆகாது. கரையும் உடலும் சேரும் இணைப்பு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கரையையும் உடலையும் தனித்தனி ஊடையில் நெய்து கோத்த கோர்வைப் புடவையில் முதலில் விடுவது அங்கேதான்.

துவைக்காதீர்கள். பழைய அரக்குச் சாயம் ஒரு சொட்டுத் தண்ணீருக்கே கரைக்கு ஓடிவிடலாம். நிழலில் அரைநாள் உலர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். இஸ்திரி போடுவதானால் மேலே பருத்தித் துணி விரித்து மிதமான சூட்டில், ஆவி இல்லாமல்.

வேட்டி

உள்தாங்குக்குப் புதுக் காடாத் துணியைவிட அப்பாவின் பழைய பருத்தி வேட்டி மேல். நூறு தடவை துவைத்துச் சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கியிருக்கும். புதுத் துணி பின்னாளில் சுருங்கினால் பட்டு முன்னால் பை மாதிரி தொங்கும். வேட்டி மென்மையாக இருப்பதால் இரண்டு மடிப்பு வேண்டும்: 50 × 85 செ.மீ. அளவில் இரண்டு துண்டு. கஞ்சி போடாதீர்கள், பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. வேட்டி கிடைக்கவில்லையென்றால் சென்னை கோடவுன் தெருவில் காடாவோ எம்.சி. ரோட்டில் லைனிங் பருத்தியோ வாங்கி, வெந்நீரில் இரண்டு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

ஒட்டும் கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டித் தரச் சொல்லும் டெய்லர் அறிவுரையை ஏற்காதீர்கள். பசை நாளாவட்டத்தில் மஞ்சளாகிப் பட்டின் முகத்துக்கு வரும். திரும்ப உரிக்க முடியாது.

மணி வாங்குவது

சவுக்கார்பேட்டைச் சந்துகளில் ஆரி சாமான் கடைகளில் எல்லாம் கிடைக்கும், குழப்பமும் சேர்த்து. வேண்டியது கண்ணாடி மணி, எட்டாம் நம்பர், அதாவது சுமார் 3 மி.மீ. ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 38 மணி நிற்கும். அம்மாவுக்கு ஒரு நிறம், அப்பாவுக்கு ஒரு நிறம். நிறத்துக்கு 600 மணி என்றால் 16 கிராம். ஆனால் 25 கிராம் வாங்குங்கள். நான்கில் ஒன்றைக் கழிக்க வேண்டிவரும். பொடி மணி பதினொன்றாம் நம்பர், 5 கிராம். மங்கலும் நீலமும் தலா 5 கிராம்.

கழிவு ஏன் என்றால், இந்த மணி ஒவ்வொன்றாக உருட்டப்படுவதில்லை. உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனையை மழுக்குகிறார்கள். அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் செய்ததும் இந்த இழுத்து நறுக்கும் வேலைதான். திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையிலும் இதே வழி. நறுக்கியது கோணினால் ஒரு பக்கம் தடித்த மணி வரும். சூடு போதாவிட்டால் முனை கத்தியாகவே நின்றுவிடும், அது நூலை அறுக்கும். தட்டில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டி, சப்பை, ஓட்டை அடைத்தது, முனை கூரானது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். சந்தேகமான மணியை நூலில் கோத்துப் பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டினால் நூல் சிலும்புகிறதா என்று தெரிந்துவிடும். நீளக் குழாய் மணி பார்க்கப் பிரமாதம், ஆனால் இதற்கு வேண்டாம். அதன் இரண்டு முனையும் பெரும்பாலும் மழுக்கப்படாதவை.

"அண்ணே, இது உள்கலரா, மேல்கலரா?" என்று கேட்டால் கடைக்காரர் "எல்லாம் கலர் போகாதும்மா" என்பார். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துப் பத்து மணியைத் தேய்த்தால் விடை பஞ்சில் வந்துவிடும். மெட்டாலிக் பூச்சு மணி விரல் வியர்வைக்கே உரிந்துவிடும். ஓட்டைக்குள் வெள்ளி பூசிய மணி ராயபுரம், காசிமேடு கடல் காற்றில் சில வருஷத்தில் கறுத்துப்போகும். கண்ணாடியே நிறமான மணி, ஒளி ஊடுருவாதது, இரண்டாலும் பாதிக்கப்படாது. பிளாஸ்டிக் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடியைக் கன்னத்தில் வையுங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே பாக்கெட்டிலிருந்து வாங்குங்கள். அடுத்த மாதம் வரும் அதே மெரூன் அதே மெரூனாக இருக்காது.

கல்யாண மாதத்து ஜோடிக்கு மட்டும் வீட்டில் இருக்கும் பழைய மணி வைக்கலாம். தாலிச்சரடு மாற்றியபோது எடுத்துவைத்த பவளமோ, முஸ்லிம் வீடுகளில் கருகமணியோ, தெலுங்கு வீடுகளில் நல்லபூசலில் (கல்யாணத்துக் கறுப்பு மணிச் சரத்தில்) உதிர்ந்த ஒன்றோ. பவளத்தைப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்காதீர்கள், மேற்பரப்பே கரைந்துபோகும்.

நூல், ஊசி, சட்டம்

வடசென்னையில் மணி கோக்கச் சட்டென்று கைக்கு வருவது தூண்டில் நரம்பு. அறாது என்பது சரி. ஆனால் முடிச்சு நழுவும், வளைந்த நரம்பு நிமிரப் பார்த்துக்கொண்டே இருக்கும், இழுபட்டால் பட்டைத்தான் அறுக்கும். நூல் எப்போதும் துணியைவிடச் சற்று பலவீனமாக இருக்க வேண்டும். இழுபட்டால் நூல் போகட்டும், துணி நிற்கட்டும். டெய்லர் பாலியஸ்டர் நூல், தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்தது, போதும். பருத்தி நூல் இந்த ஈரக்காற்றில் இற்றுவிடும். ஊசி, மணி ஊசி பத்தாம் நம்பர்.

ஆரி ஊசி தெரிந்தவர்கள் வேகத்துக்காக அதையே எடுப்பார்கள். ஆரிச் சங்கிலித்தையல் ஒரே நூலில் ஓடுவது. முனை விட்டால் ஒரு இழுப்பில் பத்து வருஷமும் உதிர்ந்துவிடும். இங்கே கைஊசிதான், ஒரு வரிசைக்கு ஒரு நூல். 1.2 மீட்டர் நூலை இரட்டையாக மடித்தால் 60 செ.மீ.; ஒரு வரிசைக்கு அது சரியாக வரும். அறுந்தாலும் அந்த ஒரு வருஷத்தோடு நிற்கும்.

ஆரி ஸ்டாண்டில் வேட்டியின் இரண்டு மடிப்பை மட்டும் இழுத்துக் கட்டுங்கள், தட்டினால் மேளம் மாதிரி கேட்க வேண்டும். அதன்மேல் பட்டைத் தளர்வாக விரித்து, நடுவிலிருந்து வெளியே, ஐந்து செ.மீ. கட்டங்களாக ஓட்டுத்தையல் போடுங்கள். பட்டைச் சட்டத்தில் கட்டி இழுக்கவே கூடாது. வளைய ஃப்ரேமும் வேண்டாம். அது விட்ட வட்டம் பழைய பட்டில் போகாது.

பட்டில் பேனா, கார்பன், மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடி எதுவும் படக் கூடாது. இரண்டு ஓரத்திலும் வேட்டியில் காகிதப் பட்டை ஒட்டி, அதில் 8 மி.மீ.க்கு ஒரு கோடாக 51 கோடு போடுங்கள். மொத்தம் 40 செ.மீ. ஒவ்வொரு வரிசையும் தைக்கும்போது இரு கோட்டுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் குண்டூசியால் நிறுத்தினால் அதுவே கோடு. மாதங்களுக்கு ஓர் அட்டை அளவுகோல்: 12 மி.மீ.க்கு ஒரு வெட்டாகப் பன்னிரண்டு வெட்டு. ஜோடி மணி 6 மி.மீ., இடைவெளி 6 மி.மீ.; வரிசையின் அகலம் 13.8 செ.மீ. வரும். பக்க ஓரம் ஐந்தைந்து செ.மீ., மேலே 5, மணிக்கும் கரைக்கும் நடுவே 3, கரை 10 என்றால் முடிந்த துணி 24 × 58. கரை இதைவிடப் பெரிதானால் வெட்டும் உயரத்தை அதற்கேற்பக் கூட்டுங்கள்.

தையல்

நூலின் முனையில் முடிச்சு போட்டு இழுக்காதீர்கள். வேட்டியின் பின்பக்கம் இரண்டு சின்னப் பின்தையல் போட்டுத் தொடங்குங்கள். முதல் வெட்டின் இடப்பக்கம் ஊசியை மேலே கொண்டுவந்து, அம்மா மணி, அப்பா மணி என்று இரண்டையும் கோத்து, 6 மி.மீ.யைவிட ஓர் இம்மி தள்ளிக் கீழே இறக்குங்கள். திரும்பப் புறப்பட்ட இடத்திலேயே மேலே வந்து, இரண்டு மணிக்குள்ளும் இன்னொரு தடவை ஊசியை ஓட்டிக் கீழே இறக்குங்கள். இரண்டாவது ஓட்டம்தான் மணியை நிமிர்த்தி வைக்கும். அடுத்த மாதத்துக்குப் போகும் முன் பின்பக்கம் வேட்டியில் மட்டும் ஒரு சின்னப் பிடி.

ஊசி இறங்கும் இடம் 6 மி.மீ.க்கு உள்ளே வந்தால் இரண்டு மணியும் முட்டிக்கொண்டு ஒன்று துருத்தும். ஏழுக்கு மேல் போனால் மணி வழுக்கி நடுவே நூல் தெரியும். பிரிந்த மாதம் என்று படிக்கப்பட்டுவிடும். பிரிந்த மாதத்துக்கு வேண்டுமென்றே 10 மி.மீ. இறக்கி, மணிகளைத் தனித்தனியாகப் பின்தையலிட்டு, நடுவே 4 மி.மீ. நூலைத் தெரியவிடுங்கள். அந்த இடத்தில் அடுத்த ஜோடிக்கு 2 மி.மீ.தான் மிஞ்சும், அளவுகோலை நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் பங்குனி வெளியே போய்விடும்.

இழுவை சரியா என்று பின்பக்கம் பாருங்கள். ஒரு ஜோடியிலிருந்து அடுத்ததற்குப் போகும் நூல் துணியோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும், அதற்குமேல் இறுகக் கூடாது. இறுகினால் சட்டத்தில் இருக்கும்வரை தெரியாது; கழற்றியதும் ஐம்பத்தோரு வரிசையும் சேர்ந்து துணியைக் கொசுவிவிடும். மூன்று வரிசை முடிந்ததும் சட்டத்தை ஒருமுறை தளர்த்திப் பார்த்துவிட்டுத் தொடர்வது நல்லது. அப்போது தெரிந்தால் பிரிக்க மூன்று வரிசைதான்.

ஐந்து வரிசைக்கு ஒருமுறை ஓரக் காகிதத்தில் வருஷப் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். பிங்களவும் காளயுக்தியும் நூலில் பார்க்க ஒரே மாதிரிதான். முடிந்த வரிசைகளின்மேல் வெள்ளைத் துணி போட்டு மூடிவையுங்கள், கை உராயும். சித்திரை, வைகாசியில் வேலை என்றால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வியர்வை உப்பு ஜரிகையைக் கறுக்கச் செய்யும்.

நடுவில் தப்பான நிறம் கோத்துவிட்டால் வரிசையைப் பிரிக்க வேண்டியதில்லை. அந்த மணியின் ஓட்டைக்குள் ஒரு தடித்த ஊசியை நுழைத்துவைத்து, மேலே துணி மூடி, குறடால் மெல்ல அழுத்துங்கள். கண்ணாடி வெளிப்பக்கமாக உடையும், ஊசி நூலைக் காக்கும். கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். சரியான மணியைத் தனி நூலால் வைத்துத் தையுங்கள்.

பழகிய கைக்கு ஒரு வரிசை 20 நிமிஷம், முதல் தடவை செய்பவருக்கு 40. அதாவது மொத்தம் 34 மணி நேரம். விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்குங்கள்.

முடிப்பும் மாட்டுவதும்

சட்டத்திலிருந்து கழற்றி, வேட்டியைப் பட்டைவிட இரண்டு செ.மீ. உள்ளே வருமாறு வெட்டி, பட்டின் விளிம்பைப் பக்கங்களிலும் மேலேயும் பின்னால் மடித்து வேட்டியோடு சேர்த்துத் தையுங்கள். பின்னால் லைனிங், மூன்று பக்கம் தைத்து, கீழ்ப்பக்கத்தை விட்டுவிடுங்கள். பட்டும் பருத்தியும் ஈரத்துக்கு ஒரே மாதிரி நீள்வதில்லை. மேலே கம்பு நுழைய நான்கு செ.மீ. உறை ஒன்றைத் தனித்துணியில் தைத்து வேட்டியோடு இணையுங்கள், பட்டோடு அல்ல. 12 மி.மீ. பித்தளைக் குழாயோ தேக்குக் கம்போ, 30 செ.மீ. நீளம். கீழே மணிக்குஞ்சம் கட்டும் ஆசையை அடக்குங்கள். ஃபேன் காற்றில் அது நாளெல்லாம் ஆடி நூலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

கண்ணாடிச் சட்டம் வேண்டுமென்றால் தேவராஜ முதலித் தெருக் கடைகளில் போடுவார்கள். கண்ணாடிக்கும் மணிக்கும் ஒரு செ.மீ. இடைவெளிக் கட்டை வைக்கச் சொல்லி, நீங்களே பக்கத்தில் நின்று வைப்பதைப் பாருங்கள். ஒட்டினால் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கடலைப் பார்த்த சுவர், ஓதம் ஏறும் சுவர், சாமி விளக்குப் புகை, நேர் வெயில் நான்கையும் தவிர்த்து இடம் பாருங்கள்.

கழற்றி வைக்கும்போது மடிக்காதீர்கள். மணி வெளிப்பக்கம் வருமாறு காகிதக் குழாயில் சுருட்டி, துவைத்த மல் துணியில் பொதிந்து, துணி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்டு ஆகாது, அதிலிருக்கும் கந்தகம் ஜரிகை வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பிளாஸ்டிக் கவரும் ஆகாது.

51-ஆம் வரிசையில் நான்கு ஜோடிக்குப் பிறகு எட்டு இடம் காலியாக இருக்கும். அதை நிரப்பவோ சமிக்கியால் மறைக்கவோ வேண்டாம். அந்த வரிசையின் நூலை அறுக்காமல் பின்பக்கம் சுற்றி, லைனிங்குக்குள் ஒரு தையலில் நிறுத்துங்கள். மிஞ்சிய மணிகளை நிறம் நிறமாகச் சின்ன டப்பாக்களில் போட்டு, மெழுகிட்ட நூலும் ஊசியும் சேர்த்து அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். விசுவாவசு ஆவணிக்கு அடுத்த ஜோடி.